புகையும் மண்ணும் நில உரிமையும்: இலண்டன் நிலத்தடி இருப்புப்பாதையின் பொறியியல் தடயங்கள்

ஆய்வுச் சுருக்கம்

இலண்டன் நிலத்தடி இருப்புப்பாதையில் இன்று வேடிக்கையாகப் பார்க்கப்படும் போலி வீட்டு முகப்பு, நடைமேடைக்கு மேலே செல்லும் ஆறு, வளைந்த நடைமேடை முதலியவை விந்தைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. புகை, மண், நில உரிமை ஆகிய மூன்றும் தந்த நெருக்கடிகளுக்குப் பொறியாளர்கள் கண்ட விடைகளின் எச்சங்கள் அவை. அவற்றுள் எவை எஞ்சின, எவை தடமின்றி அழிந்தன என்பதைக் கொண்டு, அந்நகரில் யாருடைய உரிமைக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இலண்டன், நிலத்தடி இருப்புப்பாதை, தேம்ஸ் சுரங்கம், கிரேட்ஹெட் கேடயம், நில உரிமை, நகர வரலாறு

முன்னுரை

மெட்ரோபாலிட்டன் இரயில்வே 1863 ஜனவரி 10 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையே, நகருக்கு அடியில் பயணிகளுக்காக அமைந்த உலகின் முதல் இருப்புப்பாதையாகும். முதல் நாளில் 38,000 பேர் அதில் பயணம் செய்தனர். இன்று 272 நிலையங்களுடன் விரிந்திருக்கும் இவ்வலைப்பின்னலை ஒரே திட்டத்தின் விளைவாகக் கருதுவது பிழை. ஒன்றோடொன்று போட்டியிட்ட தனியார் நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில் அமைத்த பாதைகள் 1933இல்தான் ஒரே பொது நிறுவனத்தின் கீழ் வந்தன. பாதையின் பாதிக்கு மேல் நிலத்துக்கு மேலே செல்வதால் ‘நிலத்தடி’ என்னும் பெயரும் முழுமையாகப் பொருந்தவில்லை.

இங்குச் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்புத் தேவைப்படுகிறது. கனிமம் எடுக்கும் குழியையும் மலையைக் குடைந்த வழியையும் தமிழில் ‘சுரங்கம்’ என்றே வழங்குகிறோம். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் வழங்கும் ‘சுருங்கை’ என்னும் சொல், நிலத்தின் கீழ் அமைக்கப்பட்டு மேலே மூடப்பட்ட வழியையும் நீர்த்தூம்பையும் குறிக்கிறது. இலண்டனில் இரு வகைப் பாதைகள் உண்டு. தெருவைத் தோண்டி, பள்ளத்தில் பாதை அமைத்து, மேலே வளைவு கட்டி மூடியவை ஒரு வகை. மண்ணை ஆழத்தில் துளைத்துச் சென்றவை மற்றொரு வகை. முன்னதற்குச் ‘சுருங்கை’ என்னும் பழஞ்சொல் மிகப் பொருந்தும். இக்கட்டுரை முன்னதை ‘மூடுபாதை’ என்றும் பின்னதைத் ‘துளைபாதை’ என்றும் வழங்குகிறது. இவ்விரண்டும் விட்டுச்சென்ற தடயங்கள் முற்றிலும் வேறானவை.

புகைக்கு இடம்விட்ட தெரு

மூடுபாதையில் முதலில் ஓடியவை நீராவி எஞ்சின்கள். தலைமைப் பொறியாளர் ஜான் ஃபௌலர் எதிர்கொண்ட முதன்மைச் சிக்கல் மண்ணன்று; காற்று. வெளியேறும் நீராவியை எஞ்சினிலேயே பொருத்திய நீர்த்தொட்டிக்குள் செலுத்திக் குளிர்விக்க முடிந்தது. நிலக்கரிப் புகைக்கு அத்தகைய வழி இல்லை. ஆகவே இடையிடையே வானம் பார்த்த திறப்புகளை விட்டே பாதையை அமைக்க வேண்டியிருந்தது. பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தின் 5, 6ஆம் நடைமேடைகளில் செங்கல் வளைவின் இருபுறமும் சாய்வான பெரிய மாடங்களை இன்றும் காணலாம். பகலொளியை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் அமைக்கப்பட்டவை அவை. மின்விளக்கு ஒளிரும் அம்மாடங்களை அலங்காரம் என்று எண்ணிக் கடந்து செல்வோரே மிகுதி.

இதே தேவையிலிருந்து பிறந்ததே லெயின்ஸ்டர் கார்டன்ஸ் தெருவின் 23, 24ஆம் எண் ‘வீடுகள்’. மெட்ரோபாலிட்டன் பாதை 1868இல் பாடிங்டனிலிருந்து தெற்கே நீண்டபோது, பேஸ்வாட்டர் பகுதியின் இந்தச் செல்வர் தெருவைக் குறுக்கே வெட்டிச் சென்றது. இரு வீடுகள் இடிக்கப்பட்டன. எஞ்சின்கள் புகையை வெளியேற்ற அவ்விடம் திறந்தவெளியாகவே விடப்பட வேண்டியிருந்தது. ஆனால் ஒரே சீரான வெண்ணிற முகப்புகளின் வரிசையில் ஓர் இடைவெளி தோன்றுவதைத் தெருவினர் ஏற்கவில்லை. எனவே தூண்களும் மாடமுகப்பும் கொண்ட ஒரு சுவர், அண்டை வீடுகளைப் போன்றே எழுப்பப்பட்டது. அதன் தடிமன் சுமார் ஒன்றரை மீட்டர். சாளரங்களில் கண்ணாடிக்கு மாறாக வண்ணப் பூச்சே உள்ளது. கதவுகள் திறவா. பின்புறத் தெருவிலிருந்து பார்த்தால், பக்கச் சுவர்களைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் கீழே தண்டவாளமும் தெரியும். இப்பகுதிப் பாதை 1905இல் மின்மயமானதோடு புகை நின்றது. முகப்பு மட்டும் இன்றும் நிற்கிறது.

இம்முகப்பைச் சுற்றுலாக் கையேடுகள் நகைச்சுவையாகவே சொல்லிச் செல்கின்றன. அதனை ஃபாரிங்டன் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அதன் வரலாற்றுப் பொருள் விளங்காது. 1860களின் தொடக்கத்தில் ஃபிளீட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளை இடித்தே அப்பாதை நகரின் மையத்தை அடைந்தது. ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். வார வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்குச் சட்டப்படி இழப்பீடு எதுவும் இல்லை. இழப்பீடு நில உடைமையாளருக்கு உரியது. நகருக்குள் நெருக்குண்டு வாழும் தொழிலாளர் புறநகரில் குடியேறி, மலிவுக் கட்டணத்தில் வேலைக்கு வந்து செல்ல வேண்டும் என்பதே இத்திட்டத்துக்காக நெடுங்காலம் வாதாடிய நகர வழக்குரைஞர் சார்லஸ் பியர்சனின் கருத்து. பாதை திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1862 செப்டம்பரில் அவர் இறந்தார். தொழிலாளர்க்கான அதிகாலை மலிவு வண்டிகள் 1864இல் ஓடத் தொடங்கியது உண்மையே. எனினும் இடிக்கப்பட்ட வீடுகளுக்காக ஃபிளீட் பள்ளத்தாக்கில் எவரும் முகப்பு எழுப்பவில்லை. இரு வீடுகளின் இழப்புக்கு அழியாத தடயம் உண்டு. ஒரு முழுக் குடியிருப்பின் இழப்புக்கு இல்லை.

ஃபிளீட் ஆறும் அப்போது மூடப்பட்ட கழிவுநீர்க் கால்வாயாகவே இருந்தது. 1862 ஜூனில் அக்கால்வாய் உடைந்து கட்டுமானப் பணியிடத்தை மூழ்கடித்தது. இலண்டனின் மறைந்துபோன ஆறுகளுள் மற்றொன்றான வெஸ்ட்போர்ன், ஸ்லோன் ஸ்கொயர் நிலையத்தில் வேறு வகையில் கையாளப்பட்டது. அங்கே ஆற்றைக் கீழே தள்ள இடமில்லை. அதனால் பெரிய இரும்புக் குழாய் ஒன்றில் அடைத்து, தண்டவாளங்களுக்கும் நடைமேடைகளுக்கும் மேலாகக் கொண்டு சென்றனர். 1868இல் நிலையம் திறக்கப்பட்ட காலத்து அக்குழாயின் அடியில் நின்றுதான் பயணிகள் இன்றும் வண்டிக்குக் காத்திருக்கின்றனர். தலைக்கு மேலே ஓர் ஆறு ஓடுவதை அறிந்தவர் அவர்களுள் சிலரே.

ஆற்றின் அடியில்

துளைபாதையின் வரலாறு இருப்புப்பாதையின் வரலாற்றுக்கு முன்பே தொடங்குகிறது. மார்க் புருனெல் 1825இல் ராதர்ஹித், வாப்பிங் ஆகிய இரு கரைகளையும் தேம்ஸ் ஆற்றின் அடியில் இணைக்கும் பணியைத் தொடங்கினார். முதலில் ராதர்ஹித்தில் இரும்பு வளையம் ஒன்றின் மீது வட்டமான செங்கற்சுவர் நிலத்துக்கு மேலே கட்டப்பட்டது. உள்ளிருந்து மண்ணை அகற்ற அகற்ற, தன் எடையாலேயே அது நிலத்துக்குள் இறங்கியது. கிணறு வெட்டுவோர் உறை இறக்கும் முறையை அறிந்த நமக்கு இதில் வியப்பு குறைவு. வியப்புக்குரியது அடுத்த கட்டமே. பன்னிரண்டு இரும்புச் சட்டங்களை அருகருகே நிறுத்தி, ஒவ்வொன்றையும் மூன்று அடுக்குகளாகப் பிரித்து, மொத்தம் 36 அறைகள் கொண்ட ‘கேடயம்’ ஒன்றைப் புருனெல் வடிவமைத்தார். ஒவ்வோர் அறையிலும் நின்ற தொழிலாளி தனக்கு முன்னுள்ள பலகைகளை ஒவ்வொன்றாக அகற்றி, சிறிது மண்ணைத் தோண்டி, பலகையை மீண்டும் முன்னே பொருத்துவார். பின்னால் கொத்தர்கள் செங்கல் வளைவை எழுப்பிக்கொண்டே வருவர். கேடயம் திருகுகளால் முன்தள்ளப்படும்.

இம்முறை சரியானது, தேர்ந்த ஆழம் சரியானதன்று. ஆற்றுப்படுகைக்கு மிக அருகே சென்றதால் உறுதியான களிமண்ணுக்கு மாறாகச் சரளையும் சேறும் எதிர்ப்பட்டன. ஆற்றில் கலந்த கழிவின் நச்சுக்காற்று தொழிலாளர்களை வாட்டியது. 1827இல் ஆறு உள்ளே புகுந்தது. 1828 ஜனவரியில் மீண்டும் புகுந்தபோது அறுவர் இறந்தனர். மார்க்கின் மகன் இசம்பார்ட் கிங்டம் புருனெல் காயத்துடன் தப்பினார். பணம் தீர்ந்து பல ஆண்டுகள் வேலை நின்றது. 396 மீட்டர் நீளமுள்ள பாதை 1843 மார்ச் 25 அன்று, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், திறக்கப்பட்டது. சரக்கு வண்டிகளுக்கான சாய்வுப்பாதை அமைக்கப் பணமில்லாததால் நடந்து செல்வோருக்கு மட்டுமே அது பயன்பட்டது. 1865இல் கிழக்கு இலண்டன் இரயில்வே நிறுவனம் அதை வாங்கியது. 1869 டிசம்பரில் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. குதிரை வண்டிகளுக்காகத் திட்டமிட்ட உயரம் அதற்கு உதவியது. பொருளாதாரத் தோல்வி ஒன்றே கால் நூற்றாண்டு கழிந்து போக்குவரத்துச் செல்வமாயிற்று.

புருனெலின் கருத்தை எளிமையாக்கியவர்களுள் ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் முதன்மையானவர். கோபுரக் கோட்டைக்கு அருகில் தேம்ஸின் அடியில் 1869இல் அவர் தோண்டிய டவர் சப்வேயின் நீளம் ஏறத்தாழ புருனெலின் பாதையளவே. ஆனால் ஓராண்டுக்குள் அது முடிந்தது. இதற்குக் காரணங்கள் நான்கு. பாதையின் விட்டம் சிறிது, சுமார் இரண்டு மீட்டர். ஆழம் மிகுதி, களிமண்ணுக்குள்ளேயே சென்றது. கேடயம் செவ்வக வடிவம் நீங்கி வட்டமாயிற்று. செங்கல்லுக்கு மாறாக வார்ப்பிரும்புத் துண்டுகள் வளையங்களாக முடுக்கப்பட்டன. இன்று சென்னை மெட்ரோவின் சுரங்கங்களைத் துளைக்கும் இயந்திரங்கள், சுழலும் முகப்பும் கற்காரைத் துண்டுகளும் கொண்டிருந்தாலும், வட்டக் கேடயத்தின் பின்னே வளையங்களைப் பொருத்திச் செல்லும் இதே கோட்பாட்டின் வழித்தோன்றல்களே.

கிரேட்ஹெட்டின் கேடயம் ஒன்றை நேரில் காண அருங்காட்சியகம் செல்ல வேண்டியதில்லை. வாட்டர்லூவையும் நகர மையத்தையும் இணைத்த பாதையைத் தோண்டிய கேடயம், வேலை முடிந்தபின் மண்ணிலேயே விடப்பட்டது. 1987இல் பேங்க் நிலையத்தில் புதிய பாதைக்காகத் தோண்டியபோது அது வெளிப்பட்டது. நடைவழி ஒன்றில் சிவப்பு வண்ணம் பூசிய அந்த இரும்பு வளையத்தினூடே பயணிகள் நாள்தோறும் நடந்து செல்கின்றனர். அதற்கு மேலே, கார்ன்ஹில் தெருவில், 1994இல் நிறுவப்பட்ட கிரேட்ஹெட்டின் சிலை உள்ளது. சிலையின் பீடம் நிலையத்துக்குக் காற்று வழங்கும் துளையை மறைப்பதற்காக அமைந்தது. ஒரு பொறியாளருக்கு இதைவிடப் பொருத்தமான பீடம் கிடைத்திருக்காது.

களிமண்ணும் நில உரிமையும்

இலண்டன் களிமண் தோண்டுவதற்கு மென்மையானது. தோண்டியபின் சிறிது நேரம் சரியாமல் நிற்கும். நீரையும் பெரிதும் தடுக்கும். துளைபாதைக்கு இதைவிட நல்ல மண் அரிது. தென் இலண்டனில் இப்பாதைகள் குறைவாக இருப்பதற்கு அங்குள்ள மண்ணே காரணம் என்று பல நூல்கள் கூறுகின்றன. இது பாதி விளக்கமே. 1890இல் திறக்கப்பட்ட முதல் மின்சாரத் துளைபாதையே தெற்கிலுள்ள ஸ்டாக்வெல்லிலிருந்துதான் தொடங்கியது. 1926இல் அப்பாதை மார்டன் வரை நீண்டது. தெற்கில் மேற்பரப்பு இருப்புப்பாதைகள் ஏற்கெனவே அடர்ந்திருந்தமையும் அவற்றை நடத்திய நிறுவனங்களின் எதிர்ப்பும் இதில் மண்ணுக்கு நிகரான பங்கு வகித்தன.

துளைபாதைகள் ஏன் நேராகச் செல்லவில்லை என்னும் வினாவுக்கும் மண்ணியல் விடை தராது. நைட்ஸ்பிரிட்ஜ் அருகே பிக்காடில்லி பாதை வளைவதற்கு, 17ஆம் நூற்றாண்டுப் பிளேக் நோயில் இறந்தோரின் புதைகுழியைத் தவிர்த்ததே காரணம் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு ஆதாரமில்லை. பாதை பிராம்ப்டன் சாலையின் கீழே செல்கிறது. சாலை வளையும் இடத்தில் பாதையும் வளைகிறது. தனியார் கட்டடத்தின் அடியில் சென்றால் உடைமையாளருக்குப் பணம் தர வேண்டும். பொதுத் தெருவின் அடியில் சென்றால் தர வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தெருக்கோடுகளை 20 மீட்டர் ஆழத்தில் இரும்பில் படியெடுத்தது இவ்விதியே. தெரு மிகக் குறுகலாக இருந்த இடங்களில் இரு பாதைகளும் அருகருகே செல்ல இயலாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. சென்ட்ரல் பாதையின் செயின்ட் பால்ஸ், சான்சரி லேன், நாட்டிங் ஹில் கேட் ஆகிய நிலையங்களில் இரு திசை நடைமேடைகளும் வெவ்வேறு தளங்களில் இருப்பதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். பேங்க் நிலையத்தில் அதே பாதையின் நடைமேடை கடுமையாக வளைகிறது. நேரான வண்டிக்கும் வளைந்த விளிம்புக்கும் இடையே அகன்ற வெளி விழுகிறது. இடைவெளியைக் கவனிக்குமாறு 1960களின் இறுதியிலிருந்து ஒலிக்கும் புகழ்பெற்ற அறிவிப்புக்கு வேராக இருப்பவை இத்தகைய வளைவுகளே.

இதே சென்ட்ரல் பாதையில் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு நுட்பமும் உண்டு. 1900இல் திறக்கப்பட்ட அதன் நிலையங்கள் மேடான இடத்தில் அமைந்தவை. நிலையத்தை நெருங்கும் வண்டி ஏறுவதால் தானே வேகம் குறைகிறது. புறப்படும்போது இறங்குவதால் எளிதில் வேகம் பெறுகிறது. ஏறும் சரிவு அறுபதுக்கு ஒன்று. இறங்கும் சரிவு முப்பதுக்கு ஒன்று. மின்சாரத்தைச் சேமிக்கும் இவ்வடிவம் 1968இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாதையிலும் கையாளப்பட்டது.

களிமண்ணின் நன்மைக்குப் பின்னாளில் விலை கொடுக்க நேர்ந்தது. தொடக்கத்தில் அதன் வெப்பநிலை சுமார் 14 பாகை செல்சியசு. கோடையில் குளிர்ச்சி நாடிக் கீழே வருமாறு நிறுவனங்கள் விளம்பரம் செய்த காலமும் இருந்தது. வண்டிகளும் அவற்றின் நிறுத்திகளும் வெளியிட்ட வெப்பத்தைச் சுற்றியுள்ள மண் ஒரு நூற்றாண்டாக உறிஞ்சி, இன்று பல இடங்களில் 20 பாகையைக் கடந்துவிட்டது. வண்டியை விடச் சிறிதே அகன்ற குழாயில் குளிரூட்டிகளின் வெப்பத்தைத் தள்ளவும் இடமில்லை. 1922இல் மூடப்பட்ட சிட்டி ரோடு நிலையத்தின் துளைவழியே இவ்வெப்பத்தை இழுத்து, இஸ்லிங்டன் பகுதி வீடுகளுக்கு வழங்கும் ஏற்பாடு 2020இல் தொடங்கியது. கைவிடப்பட்ட நிலையம் ஒன்று கணப்படுப்பாக மாறிய இந்நிகழ்வு, சிவப்பு ஓடு பதித்த நிலைய முகப்புகளைவிட வரலாற்றாசிரியரின் கவனத்துக்கு உரியது என்பது என் கருத்து.

அம்முகப்புகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1906, 1907ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட மூன்று பாதைகளின் நிலையங்களுக்கு வடிவம் தந்தவர் லெஸ்லி கிரீன். எருதின் குருதி நிறத்தில் மெருகேற்றிய சுடுமண் ஓடுகளை அவர் கையாண்டார். இரும்புச் சட்டத்தால் தாங்கப்பட்ட தட்டையான கூரை, பின்னர் மேலே அலுவலகங்கள் எழுப்புவதற்கென்றே விடப்பட்டது. நிலத்தின் விலை இங்கும் வடிவத்தை ஆள்கிறது. கிரீன் 1908இல், 33ஆம் வயதில் இறந்தார்.

படிக்கட்டில் இறந்தவர்கள்

இரண்டாம் உலகப்போரில் இந்நிலையங்கள் புகலிடமானதை அரசின் ஏற்பாடு என்று கொள்வது தவறு. தொடக்கத்தில் அரசு அதைத் தடுத்தது. மக்கள் கீழேயே தங்கிவிடுவர், போக்குவரத்து முடங்கும் என்று அதிகாரிகள் அஞ்சினர். 1940 செப்டம்பரில் குண்டுவீச்சு தொடங்கியதும் மக்கள் மலிவான பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு இறங்கினர். திரும்ப மேலே வரவில்லை. அரசு பணிந்தது. அதன் பின்னரே படுக்கைகளும் கழிப்பிடங்களும் வந்தன.

அப்போது கட்டி முடிக்கப்படாதிருந்த பெத்னல் கிரீன் நிலையம் கிழக்கு இலண்டன் தொழிலாளர் பகுதியின் புகலிடம். அதற்கு ஒரே நுழைவாயில், மங்கிய விளக்கு, படிகளின் நடுவே கைப்பிடி இல்லை. நுழைவாயிலைச் சீராக்க உள்ளூராட்சி மன்றம் 1941இலேயே பணம் கேட்டிருந்தது, கிடைக்கவில்லை. 1943 மார்ச் 3 இரவு, அருகிலுள்ள பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ஏவுகணைகள் பேரோசையுடன் சீறின. அவற்றைக் குண்டு என்று எண்ணி மக்கள் விரைந்தனர். படியின் அடியில் ஒருவர் இடற, பின்வந்தோர் மேலே விழ, சில நிமிடங்களில் 173 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். அவர்களுள் 62 பேர் குழந்தைகள். குண்டு எதுவும் விழவில்லை. விசாரணை அறிக்கை உடனடியாக வெளிவரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்த அதே அளவுப் படிக்கட்டாக அமைந்த நினைவுச்சின்னம் 2017இல் நிறைவுற்றது. இறந்தவர்களின் குடும்பத்தாரும் உயிர் தப்பியவர்களும் நெடுநாள் பணம் திரட்டிய பின்னரே அது எழுந்தது. லெயின்ஸ்டர் கார்டன்ஸ் முகப்புக்கு அத்தகைய காத்திருப்பு நேரவில்லை.

காப்பும் இயக்கமும்

தடயங்களைக் காக்க வேண்டும் என்னும் விருப்பம் எல்லா இடத்திலும் நியாயமானதன்று. 1987 நவம்பர் 18 மாலை, கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில், எறியப்பட்ட தீக்குச்சியொன்று எண்ணெய்ப் பிசுக்கும் குப்பையும் படிந்த இடத்தில் தீ மூட்டியது. 31 பேர் இறந்தனர். சாய்ந்த பள்ளம் ஒன்றில் எரியும் தீ மேலெழாமல், பள்ளத்தின் தரையோடு படிந்து மேல்நோக்கிப் பாய்கிறது என்பதைக் கணினிக் கணிப்பும், பின்னர் சிறிய அளவில் கட்டிய மாதிரியும் காட்டின. ‘பள்ள விளைவு’ என்று இன்று தீயியலில் வழங்கும் கருத்து இவ்விசாரணையிலிருந்து வந்தது. அதன் பின் நிலத்தடி நிலையங்களின் மரப்படிகள் அகற்றப்பட்டன. நிலத்துக்கு மேல் அமைந்த கிரீன்ஃபோர்டு நிலையத்தில் எஞ்சியிருந்த கடைசி மரப் படிக்கட்டு 2014இல் நின்றது. அதற்காக வருந்துவதற்கு இடமில்லை.

தேம்ஸ் சுரங்கத்தின் நிலை வேறு. நூற்றைம்பது ஆண்டுப் பழைமையான செங்கல் வளைவுகளில் நீர் கசிந்ததால், உட்புறம் முழுவதும் கற்காரை பூச 1995இல் திட்டமிடப்பட்டது. பூசினால் புருனெலின் கட்டுமானம் கண்ணிலிருந்து மறையும். வேலை தொடங்கவிருந்த நேரத்தில் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. வாதங்கள் நீண்டன, பாதை 1998 வரை மூடியே கிடந்தது. இறுதியில் பெரும்பகுதி பூசப்பட்டது. பூச்சின் மேற்பரப்பிலும் பழைய வளைவுகளின் வடிவம் பின்பற்றப்பட்டது. ராதர்ஹித் பக்கம் ஒரு சிறு பகுதி மட்டும் 1843இல் இருந்தவாறே விடப்பட்டது.